வேலையைப் பாதியில் விட்டவர்கள் டிடிஎஸ் பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூருவிலோ பார்த்த வேலையை ஆண்டு நடுவில் விடுவது சகஜம். ஒருவர் ஊருக்கு வந்து அப்பாவின் படகையோ கடையையோ பார்ப்பார். இன்னொருவர் துபாய்க்கு ஏறிவிடுவார். இரண்டு பேருக்குமே பழைய கம்பெனி சம்பளத்திலிருந்து பிடித்த வருமான வரியில் (இதுதான் டிடிஎஸ்) பெரும்பகுதி, சில சமயம் முழுவதுமே, திரும்பி வர வேண்டிய பணம். கேட்காமல் வராது. கேட்பது என்றால் மனு எழுதுவதல்ல, ரிட்டர்ன், அதாவது வருமான வரிக் கணக்கு, தாக்கல் செய்வது. அவ்வளவுதான்.

கீழே உள்ள கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு, புதிய வரி முறைப்படி.

ஏன் அதிகம் பிடிக்கிறார்கள்?

கம்பெனி ஏப்ரலிலேயே, நீங்கள் பன்னிரண்டு மாதமும் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு வரியைக் கணக்கிடுகிறது. அதை மாதாமாதம் பிரித்துப் பிடிக்கிறது.

மாதச் சம்பளம் 1,25,000 என்று வையுங்கள். ஆண்டுக்கு 15 லட்சம். நிலையான கழிவு 75,000 போக 14,25,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10, மீதிக்கு 15. கூட்டினால் 93,750. அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 97,500. மாதம் 8,125 பிடிப்பார்கள்.

செப்டம்பர் கடைசியில் வேலையை விட்டுவிட்டீர்கள், அதன்பின் வேறு வருமானமும் இல்லை. ஆறு மாதச் சம்பளம் 7,50,000. கழிவு போக 6,75,000. 12 லட்சம் வரை வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவுத் தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ஆனால் ஆறு மாதத்தில் 48,750 பிடித்திருப்பார்கள். அத்தனையும் உங்கள் பணம்.

முதலில் சேர்க்க வேண்டியவை

பழைய கம்பெனியிடம் ஃபார்ம் 16, அதாவது கொடுத்த சம்பளத்துக்கும் பிடித்த வரிக்குமான சான்று, கேளுங்கள். நிதியாண்டு முடிந்ததும் ஜூன் 15-க்குள் அவர்கள் தர வேண்டும். நம் கரையில் தடைக்காலம் முடிந்து படகு இறங்குவதும் அதே சமயம்தான், மறக்காது. ரிலீவிங் ஆன கையோடு ஹெச்ஆருக்கு உங்கள் சொந்த மெயில் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். கம்பெனி மெயில் மூடிய பிறகு அங்கே வந்து என்ன பயன்?

அப்புறம் incometax.gov.in தளத்தில் பான் எண்ணைக் கொடுத்து நுழைந்து ஃபார்ம் 26ஏஎஸ் (உங்கள் பானில் ஏறிய வரி விவரம்), ஏஐஎஸ் (ஆண்டின் வருமான விவர அறிக்கை) இரண்டையும் இறக்கிப் பாருங்கள். ஃபார்ம் 16-இல் உள்ள டிடிஎஸ் தொகை 26ஏஎஸ்ஸிலும் இருக்க வேண்டும். அங்கே குறைந்தால், பிடித்த பணம் உங்கள் பான் கணக்கில் ஏறவில்லை என்று அர்த்தம். கம்பெனியைக் கேட்டுத் திருத்தவைத்த பிறகே மேலே போங்கள்.

பிஎஃப் பணத்தை எடுத்திருக்கிறீர்களா? ஐந்து ஆண்டு சர்வீஸ் முடியாமல், 50,000 ரூபாயும் அதற்கு மேலும் எடுத்தால் 10 சதவீதம் பிடித்திருப்பார்கள். அதுவும் 26ஏஎஸ்ஸில் தெரியும். அதையும் சேர்த்தே திரும்பக் கேட்கலாம். ஆனால் எடுத்த தொகையில் வரிக்குட்பட்ட பகுதியை வருமானத்தில் காட்ட வேண்டும்.

பேங்க் கணக்கை முன்கூட்டியே சரிபாருங்கள்

என்னைக் கேட்டால் இந்த வேலையில் கஷ்டமான இடம் சட்டம் இல்லை, பேங்க் கணக்குதான். தளத்தில் 'மை ப்ரொஃபைல்' போய் 'மை பேங்க் அக்கவுண்ட்' பகுதியில் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி எண்ணையும் சேர்த்து வேலிடேட் செய்ய வேண்டும். ரீஃபண்ட் இந்தக் கணக்குக்கு வரட்டும் என்பதையும் அங்கேயே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் ஆட்களுக்கு இங்கேதான் இடிக்கும். பாஸ்புக்கில் 'கே. செல்வம்' என்று இருக்கும். பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரையும் சேர்த்து 'செல்வம் காளிமுத்து' என்று இருக்கும். முகமது என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்துக்கூட்டல். பேங்க்கில் ஒன்று, பானில் ஒன்று. பெயர் ஒத்துப்போகவில்லை என்று சொல்லி வேலிடேஷன் நின்றுவிடும். அப்படியானால் பான் கார்டு, ஆதாரோடு பேங்க் கிளைக்குப் போய் பெயரைத் திருத்துங்கள். ஜூலை கடைசியில் ஓடாமல் மே மாதமே முடித்துவிட்டால் நிம்மதி. பான், ஆதார் இணைப்பும் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ரீஃபண்ட் வராது.

தாக்கல்

இ-ஃபைல், இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ஸ், ஃபைல் இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன் என்று போங்கள். மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) 2026-27. சம்பளமும் வட்டியும் மட்டும் என்றால் ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவம். முக்கால்வாசி விவரம் தானாக நிரம்பி இருக்கும். ஃபார்ம் 16-ஐ பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். சேமிப்புக் கணக்கு வட்டியை விட்டுவிடாதீர்கள். கடைசியில் 'ரீஃபண்ட்' என்று ஒரு தொகை காட்டும். அது உங்கள் கணக்கோடு ஒத்துப்போனால் சமர்ப்பியுங்கள்.

ஊருக்கு வந்து சொந்தப் படகோ கருவாட்டு வியாபாரமோ தொடங்கியவர்களுக்கு ஐடிஆர்-1 ஒத்துவராது. ஐடிஆர்-4 அல்லது 3 பக்கம் போக வேண்டும். மீன்பிடி வருமானம் விவசாய வருமானத்தில் சேராது, அந்தப் பத்தியில் போடாதீர்கள். வேறு கம்பெனியில் சேர்ந்தவர்களுக்கு நிலைமை தலைகீழ். பழைய சம்பளத்தைப் புதிய கம்பெனிக்கு ஃபார்ம் 12பி மூலம் சொல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் கழிவு கொடுத்துவிடுவார்கள், கடைசியில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

ஐடிஆர்-1, ஐடிஆர்-2 இரண்டுக்கும் கடைசி நாள் ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்யலாம். வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் 5,000, அதற்குள் என்றால் 1,000.

வளைகுடா போனவர்கள் இதைப் படியுங்கள்

'12 லட்சம் வரை வரியே இல்லையே' என்று எல்லோரும் சொல்கிறோம். அது 87ஏ தள்ளுபடியால் வருவது. அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும். வேலைக்காக வெளிநாடு போன இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்திருந்தால் என்ஆர்ஐ ஆகிவிடுவார். ஏப்ரல் 1 முதல் எண்ணினால் செப்டம்பர் 29 தான் 182-ஆவது நாள்.

மேலே சொன்ன அதே சம்பளக்காரர் ஆகஸ்ட் 31-இல் விமானம் ஏறி, அந்த ஆண்டு திரும்பி வரவில்லை என்று வைப்போம். ஐந்து மாதச் சம்பளம் 6,25,000, கழிவு போக 5,50,000. வரி 7,500, செஸ்ஸோடு 7,800. பிடித்தது 40,625. திரும்பி வருவது 32,825. முழுவதும் வரவில்லையே என்று சண்டை போட வேண்டாம், கணக்கு சரிதான். அங்கே உழைத்து அங்கேயே வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஃபார்மும் மாறும்: என்ஆர்ஐக்கு ஐடிஆர்-1 கிடையாது, ஐடிஆர்-2.

முக்கியமாக, ஆதாரில் கொடுத்த சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள். சில மாதம் விட்டால் எண்ணே கைவிட்டுப் போகும், ஓடிபி வராது.

வெரிஃபை செய்தால்தான் தாக்கல்

சமர்ப்பித்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி அல்லது நெட்பேங்கிங் மூலம் வெரிஃபை செய்ய வேண்டும். இரண்டுக்கும் வழி இல்லையென்றால் ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளில் கையெழுத்துப் போட்டு பெங்களூரு 560500, சிபிசி (வரித்துறையின் ரிட்டர்ன் பரிசீலனை மையம்) முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம்.

பிறகு 143(1) என்ற பிரிவில் வரித்துறையிடமிருந்து மெயில் வரும். அவர்கள் கணக்கும் உங்கள் கணக்கும் அருகருகே இருக்கும். கடைசி நாளுக்குள் தாக்கல் செய்தவர்களுக்கு ஏப்ரல் 1 முதல் மாதம் அரை சதவீத வட்டியும் சேரும். ஆனால் ரீஃபண்ட் தொகை, கட்ட வேண்டிய வரியில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் வட்டி கிடையாது. அந்த வட்டி அடுத்த ஆண்டு வருமானம், அப்போது காட்டுங்கள்.

'கூடுதலாக வாங்கித் தருகிறேன், கமிஷன் கொடு' என்று யாராவது வந்தால் தள்ளி நில்லுங்கள். இல்லாத கழிவைப் போட்டு வாங்கியது பிடிபட்டால், ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம், அதுவும் கையெழுத்துப் போட்ட உங்களுக்கு. 'ரீஃபண்ட் தயார், இந்த லிங்கைத் தொடுங்கள்' என்று வரும் எஸ்எம்எஸ்ஸையும் தொடாதீர்கள். நிலவரம் பார்ப்பதென்றால் தளத்துக்குள் நுழைந்தே பாருங்கள். அங்கே 'ரீஃபண்ட் ஃபெயில்டு' என்று இருந்தால் பேங்க் கணக்கை மறுபடி வேலிடேட் செய்து, 'சர்வீசஸ்' பகுதியில் 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' கொடுங்கள்.