பூர்வீகத்துக்கு போனஸ் கொடுக்காதீர்கள்: ஆர்பிஜியில் சொந்த உலக விதிகள் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாக ஒரு ஃபேன்டஸி ஆர்பிஜி (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) கேம்பெயின், அதாவது பல நாள் தொடரும் கதை, கட்ட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது கேரக்டரின் பூர்வீகத்தில்தான். எந்த உலகத்தில் பிறந்தவர், அந்த மண் அவருக்கு என்ன கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்று எழுத எழுத ஆர்வம் பொங்கும். தவறுகளும் அங்கேதான் குவிகின்றன. புதிய கேம் மாஸ்டர்கள் (உலகத்தை உருவாக்கி விளையாட்டை நடத்துகிறவர்கள்) எழுதும் விதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கு அடிக்கடி வருகிறது. எங்கள் குழு ஆரம்பத்தில் விழுந்த அதே குழிகளில் இவர்களும் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

வரைபடத்தில் நதி மலையேறுவது, இரண்டு உலகத்துக்கு ஒரே பெயர் வைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை விளையாடுகிறவர்களே முதல் நாளில் சொல்லிவிடுவார்கள்.

உலகத்துக்கு +2 கொடுப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

விதி வழக்கமாக இப்படி இருக்கும். எரிமலை உலகத்தில் பிறந்தால் வலிமை +2, நெருப்புச் சேதம் பாதி. பனி உலகம் என்றால் உடலுறுதி +2. மிதக்கும் தீவுகள் என்றால் அறிவு +2. ஆறு திறன்களுக்கு ஆறு உலகங்கள். அட்டவணையாகப் பார்க்க அழகாக இருக்கும், எழுதியவருக்குத் திருப்தியாகவும் இருக்கும்.

சமீபத்தில் ஒரு புதிய குழு கேரக்டர் உருவாக்கும்போது கூட உட்கார்ந்திருந்தேன். கேம் மாஸ்டர் மிதக்கும் தீவுகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். தீவுகள் விலகிப் போகாமல் கட்டிவைத்திருக்கும் பெரிய சங்கிலிகள், அவற்றைத் துருவேறாமல் காக்கும் குடும்பங்கள், ஒரு சங்கிலி அறுந்த நாளை இன்றும் துக்க நாளாக அனுசரிக்கும் வழக்கம். உண்மையிலேயே நல்ல எழுத்து. ஒரு பிளேயர் கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நான் அந்தச் சங்கிலிக்காரர் குடும்பத்துப் பெண்ணா வரட்டுமா?” என்றார். பக்கத்தில் இருந்த நண்பர் அட்டவணையை அவர் பக்கம் நகர்த்தினார். “நீ ஃபைட்டர்தானே? எரிமலையில பொற. வலிமை அங்கதான் இருக்கு.” அவர் தன் கேரக்டர் விவரங்களைக் குறிக்கும் ஷீட்டில் எழுதியிருந்ததை ரப்பரால் அழித்துவிட்டு எரிமலை உலகம் என்று எழுதிக்கொண்டார்.

வாள் பிடிக்கிற எல்லோரும் எரிமலையிலும், மந்திரம் போடுகிறவர் தீவிலுமாக அந்த மேஜை நிரம்பியது. ஒருவர்கூட உலகத்தைப் படித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. எண்ணைப் படித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள்மேல் தப்பே கிடையாது. விதி கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னார்கள். சில செஷன் கழித்து கேம் மாஸ்டர் அதே பிளேயரிடம், “உங்க ஊர்ப் பெரியவங்க இதைக் கேட்டா என்ன சொல்வாங்க?” என்று கேட்டபோது, அவர் தன் ஊர் எது என்று ஷீட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த +2 அப்படி எவ்வளவு பெரியது? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கணக்கில் திறன் மதிப்பு 2 கூடினால் மாடிஃபையர், அதாவது பகடையில் விழும் எண்ணோடு கூட்டும் எண், 1 கூடும். 20 முகப் பகடையில் 1 என்பது 5 சதவீதம். “ஐந்து சதவீதம்தானே, கதைக்காக விட்டுக்கொடுக்கக் கூடாதா” என்று பல கேம் மாஸ்டர்கள் என்னிடம் வாதாடுவார்கள். அந்த ஐந்து சதவீதம் ஒவ்வொரு தாக்குதலிலும் வரும், கேம்பெயின் முடியும்வரை வரும். உலகத்தை உண்மையாகவே விரும்பித் தேர்ந்தெடுத்தவர் ஒவ்வொரு உருட்டலுக்கும் அபராதம் கட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு எண்ணைப் பிடித்தவருக்குப் பரிசு. நீங்கள் உட்கார்ந்து எழுதிய உலகத்தை நேசிப்பவரைத் தண்டிக்கும் விதியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பெரிய விளையாட்டுகளும் இதில் தடுமாறியிருக்கின்றன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிகளில் இந்தப் புள்ளிகள் கேரக்டரின் இனத்தோடு (எல்ஃப், குள்ளர் போன்றவை) ஒட்டியிருந்தன. 2020இல் விருப்பப்பட்டால் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்ற மாற்று விதி வந்தது. 2024இல் புள்ளிகளை இனத்திலிருந்து எடுத்து, கேரக்டரின் பின்னணியில் வைத்தார்கள். ஒவ்வொரு பின்னணிக்கும் மூன்று திறன்கள். அவற்றுக்குள் ஒன்றுக்கு +2, இன்னொன்றுக்கு +1, அல்லது மூன்றுக்கும் +1. விளைவு என்ன? விவசாயி பின்னணியின் மூன்று திறன்கள் வலிமை, உடலுறுதி, ஞானம். உழுத நிலத்தை விட்டு மந்திரம் கற்கப் போன இளைஞர் என்பது எவ்வளவு நல்ல கதை! ஆனால் அந்தப் பின்னணியில் அறிவுக்குப் புள்ளி கிடையாது. மந்திரவாதி ஆட நினைப்பவர் அறிவு இருக்கும் பின்னணியைத் தேடிப் போவார். புள்ளி எங்கே போனாலும் தேர்வு அதன் பின்னாலேயே போகிறது.

சரி, பூர்வீகம் எதைக் கொடுக்கலாம்? இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விடை ஃபேன்டஸிக்கு வெளியே இருக்கிறது. டிராவலர் 1977இல் வந்த அறிவியல் புனைவு ஆர்பிஜி. அதன் 2008 பதிப்பில் சொந்த உலகம் சில திறமைகளை 0 என்ற நிலையில் கொடுக்கும். பாலைவன உலகம் என்றால் பிழைத்திருக்கும் திறமை, நீர் உலகம் என்றால் கடலோட்டம். பூஜ்யத்தில் என்ன லாபம் என்று தோன்றும். அந்த விளையாட்டில் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, கூட்டினால் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. திறமையே இல்லாதவருக்கு 3 கழியும். ஆக 11 அல்லது 12 வர வேண்டும், 36இல் 3 வாய்ப்பு. நிலை 0 இருப்பவருக்குக் கழிவு இல்லை. 36இல் 15 வாய்ப்பு. அந்த ஊர்க்காரர் படகில் தடுமாற மாட்டார், ஆனால் தேர்ந்த மாலுமியையும் மிஞ்ச மாட்டார். நீர் உலகத்தில் பிறந்த ஒருவரைப் பற்றி நாம் எதிர்பார்ப்பது அவ்வளவுதானே? அந்த 0 எந்தத் தொழிலுக்கும் தனிச் சலுகை இல்லை, அதனால் யாரும் அதற்காகத் தன் கதையை அழிக்க மாட்டார்கள்.

உலகமே கொடூரமானது, பிறந்தவர்கள் முரடர்களாக இருந்தே ஆக வேண்டும் என்றால் எண்ணைத் தாராளமாகக் கூட்டுங்கள், ஆனால் மேஜையில் எல்லோருக்கும் கூட்டுங்கள். 1991இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு வந்த டார்க் சன் என்ற தொகுப்பு அப்படித்தான் செய்தது. உலோகமே அரிதான அதாஸ் என்ற பாலை உலகம் அது. திறன்களுக்கு நான்கு நான்குமுகப் பகடைகளை உருட்டி 4 கூட்ட வேண்டும், கேரக்டர்கள் 3ஆம் லெவலில் தொடங்குவார்கள். எல்லோரும் அதே மண்ணில் பிறந்தவர்கள், அதனால் யாருக்கும் யார்மீதும் பொறாமை இல்லை.

அந்தக் குழுவின் கேம் மாஸ்டர் பிறகு தன் அட்டவணையைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினார். திறன் புள்ளிகளை யார் எங்கே பிறந்தாலும் விருப்பம்போல் போட்டுக்கொள்ளலாம். மிதக்கும் தீவுகளில் பிறந்தவருக்கு உயரத்தில் கயிறு பிடித்து நடப்பதில் அடிப்படைத் திறமை, தீவுகளின் மொழி, கூடவே ஓர் உரிமையும் ஒரு சுமையும். எந்தத் துறைமுகமும் சங்கிலிக்காரர் குடும்பத்துக்கு ஓர் இரவு தங்க இடம் கொடுத்தாக வேண்டும். எந்தத் தீவில் சங்கிலி அறுந்தாலும் அவர்கள் போய்த்தான் ஆக வேண்டும். அந்த ஃபைட்டர் தீவுக்குத் திரும்பிவிட்டார். பகைவர்களின் துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட செஷனில், குழுவைக் காப்பாற்றியது அந்த ஓர் இரவு உரிமைதான்.

ஒருவருக்கு மட்டும் வலிக்கும் குறை

நன்மை கொடுத்தால் அதற்கு ஈடாக ஒரு குறையும் வைப்பது அடுத்த பழக்கம். ஈடு கட்டியது போலத் தோன்றும். 2014 விதிகளில் நிலத்தடியில் வாழும் டிரோவ் எல்ஃபுக்கு இருட்டில் 120 அடி பார்வை. பதிலுக்கு நேரடி வெயிலில் தாக்கும்போது இரண்டு பகடை உருட்டிச் சின்னதை எடுக்க வேண்டும். பாதிக்குப் பாதி கிடைக்க வேண்டிய வெற்றி கால் பங்காகிவிடும். கேம்பெயின் முழுக்கச் சுரங்கத்தில் நடந்தால் இந்தக் குறை ஒருநாளும் வராது. பாலைவனத்தில் நடந்தால் ஒருநாளும் போகாது. இரண்டுமே ஈடு இல்லை. 2024 விதிகளில் அந்தக் குறையை நீக்கிவிட்டார்கள்.

இன்னும் மோசமானது ஸ்பெல்ஜாமரில் இருந்தது. 1989இல் வந்த, உலகம் விட்டு உலகம் கப்பலில் போகும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொகுப்பு. தன் தெய்வத்தை வழிபடாத கோளத்துக்குள் நுழையும் பூசாரிக்கு 2ஆம் நிலைக்கு மேற்பட்ட மந்திரங்கள் திரும்பக் கிடைக்காது. யோசனையாகப் பார்த்தால் அருமை. மேஜையில் பார்த்தால், உலகம் சுற்றுவதே நோக்கமான விளையாட்டில், சுற்றும்போதெல்லாம் ஒரே ஒரு ஆள் முடங்கி உட்கார்ந்திருப்பார்.

குறை வைக்கத்தான் வேண்டும் என்றால் அது எல்லோருக்கும் வேலை கொடுப்பதாக இருக்கட்டும். வாங்கிய கடன், தேடிவரும் மாமன், செல்லாத நாணயம் என்று ஏதாவது. பகடையில் கைவைக்காதீர்கள்.

உடம்பையும் வளர்ப்பையும் ஒரே மூட்டையில் கட்டுவது

2014 விதிப்படி குள்ளர் இனத்தவர் எல்லோருக்கும் கோடாரியும் சுத்தியலும் பிடிக்கத் தெரியும். பிறந்த உடனே பெற்றோரை இழந்து, மனிதர்களின் கப்பலில் வளர்ந்த குள்ளருக்கு அது எப்படித் தெரியும்? பிளேயர் இதைக் கேட்கும்போது பல கேம் மாஸ்டர்களிடம் பதில் இருப்பதில்லை. ஷீட்டில் இரண்டு கட்டம் வையுங்கள். இருட்டுப் பார்வை, விஷம் தாங்குவது, சிறகு எல்லாம் உடம்பின் கட்டத்தில். மொழி, ஆயுதம், தொழில், நம்பிக்கை எல்லாம் வளர்ந்த இடத்தின் கட்டத்தில். முதலாவதை இனம் நிரப்பட்டும், இரண்டாவதை உலகம் நிரப்பட்டும். தத்துப்பிள்ளை, அகதி, வணிகரின் பிள்ளை எல்லோருக்கும் தனி விதி இல்லாமலே இடம் கிடைத்துவிடும்.

ஒரு உலகம், ஒரே குணம்

போர் உலகத்தில் எல்லோரும் வீரர்கள், வணிக உலகத்தில் எல்லோரும் பேராசைக்காரர்கள். அப்படியானால் அந்த வீரனுக்குச் செருப்புத் தைத்தவர் யார்? அதே போர் உலகத்திலிருந்து இரண்டு பிளேயர்கள் வந்தால் இரண்டாவது ஆளுக்குச் சொல்ல ஒன்றுமே மிச்சமிருக்காது. ஒவ்வொரு உலகத்துக்கும் உள்ளூர்ச் சண்டை ஒன்று வையுங்கள்: நீரை யார் திறந்துவிடுவது, பழைய அரசரின் மகளா தம்பியா, இப்படி. கேரக்டர் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே ஊரிலிருந்து வந்தாலும் அன்றைக்கே பேச்சு ஆரம்பித்துவிடும்.

குளோராந்தா உலகத்தில் நடக்கும் ரூன்குவெஸ்ட்டின் 2018 பதிப்பைப் பாருங்கள். அதில் கேரக்டர் உருவாக்கம் தாயகத்தில் தொடங்கி, தாத்தா பாட்டி காலத்திலிருந்து குடும்ப வரலாற்றை உருட்டிக்கொண்டே வரும். குடும்பப் பாசம், குல விசுவாசம், பகை எல்லாம் சதவீத எண்களாகவே ஷீட்டில் ஏறும். தாயகம் குணத்தை விதிப்பதைவிட, பற்றும் பகையும் கொடுப்பது எவ்வளவோ மேல்.

பெயர்

சத்தமாக மூன்று முறை சொல்ல முடியாத பெயரை வைக்காதீர்கள்.

மொழி

எல்லோருக்கும் ஒரு வணிக மொழி, ஆளுக்கு ஒரு தாய்மொழி. அதற்கு மேல் வேண்டாம்.

ஈர்ப்புவிசை, காற்றழுத்தம்

கணக்குப் போடாதீர்கள்.

எரிந்துபோன ஊர்

கேரக்டர் வீட்டைவிட்டுக் கிளம்ப ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக ஊரையே எரித்துவிடுகிறார்கள், சிலர் உலகத்தையே வெடிக்க வைக்கிறார்கள். பிறகு அந்த உலகத்துக்காக எழுதிய மொழி, உறவு, உரிமை எதற்கும் வேலையில்லை. கடிதம் வராது, தங்கை கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டாள், ஊர்க்காரர் யாரும் எதிரில் வந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார். ஊர் இருக்கட்டும். திரும்பிப் போக முடியாத காரணம் ஒன்று இருந்தால் போதும்.

வந்த வழி

வேறு உலகத்தில் பிறந்தவர் இங்கே எப்படி வந்தார், அந்த வழி இன்னும் திறந்திருக்கிறதா? இரண்டுக்கும் முதல் செஷனுக்கு முன்பே பதில் எழுதிவையுங்கள். திறந்திருந்தால், ஆபத்து வரும்போதெல்லாம் “எங்க ஊருக்குப் போயிடலாம்” என்பார்கள். அது தப்பில்லை, ஆனால் அதற்கு என்ன விலை என்று நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும். மூடியிருந்தால், யார் மூடினார்கள் என்று கண்டிப்பாகத் தேடிப் போவார்கள். உங்கள் கேம்பெயினே அந்தத் திசையில் திரும்பிவிடும்.

பாதியில் விதியை மாற்றுவது

மாற்றலாம். ஆனால் அடுத்த செஷன் தொடங்கும் முன், ஒவ்வொருவரும் தன் பூர்வீகத்தை ஒரே ஒருமுறை, விளக்கம் சொல்லாமல் மாற்றிக்கொள்ள இடம் கொடுங்கள்.