நாரி நோவோடு வாழும்போது செய்யக்கூடாத தவறுகள்

வன்னியில் "நாரி நோகுது", அதாவது கீழ்முதுகு நோகுது, என்ற சொல் கேட்காத வீடு குறைவு. கச்சான் பிடுங்கிய கிழமையிலோ களை எடுத்து முடிந்த கையோடோ வரும் நாரிப் பிடிப்பு பெரும்பாலும் ஆறு கிழமைக்குள் தணிந்துவிடும். மூன்று மாதம் தாண்டியும் விடவில்லையென்றால்தான் அது நாட்பட்ட நோ. அதன் பிறகு பழைய கணக்குச் சரிவராது. புதிதாக வந்த நோ, எங்கோ அடிபட்டிருக்கிறது என்பதைச் சொல்ல வந்தது. நாட்பட்ட நோவிலோ, உள்ளே ஆற வேண்டியது ஆறிய பிறகும் நரம்புகள் சின்ன அசைவுக்கெல்லாம் பெரிய சத்தம் போடப் பழகிவிடுகின்றன. ஆகவே படுப்பதா, வேலைக்குப் போவதா, குளிசை போடுவதா, ஸ்கான் எடுப்பதா என்பதையெல்லாம் "இண்டைக்கு எவ்வளவு நோகுது" என்பதை வைத்தே முடிவெடுத்தால் அநேகமாகப் பிழைக்கும். கீழே வருகிற தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒன்றிலிருந்து முளைத்தவை.

நோ கூடினால் பாய், குறைந்தால் வயல்

இரண்டும் ஒரே பிழையின் இரண்டு பக்கம். நோ கூடிய நாளில் முழுநாளும் படுப்பதால் முதுகைத் தாங்கும் தசைகள் கிழமைக்குக் கிழமை மெலிகின்றன. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வேலையைக் குறைக்கலாம். அப்போதும் மணிக்கொருதரம் எழுந்து முற்றம்வரை நடக்க வேண்டும். மற்றப் பக்கம்தான் ஆட்கள் கவனிக்காதது: கொஞ்சம் சுகமான நாளில் விட்ட வேலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்பது. காலையில் ஒரு துண்டு வயலின் களை, பின்னேரம் விறகு, அடுத்த மூன்று நாள் பாய்.

இதை உடைக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. களை பிடுங்குவதை எடுத்துக்கொள்வோம். மூன்று நாள், குனிந்ததிலிருந்து நோ ஏறத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் என்று கைத்தொலைபேசியில் பாருங்கள். 25, 15, 20 என்று வந்தால் சராசரி 20. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள்: 16. வசதிக்கு 15 என்று வையுங்கள். இனி 15 நிமிடத்துக்கு அலாரம். அடித்தவுடன், ஒன்றும் நோகாவிட்டாலும் எழும்ப வேண்டும். ஐந்து நிமிடம் வரம்பில் நடந்து, இரண்டு கையையும் நாரியில் ஊன்றிப் பின்னால் நாலைந்து தடவை சாய்ந்துவிட்டு மறுபடி குனியலாம். கிழமைக்கு ஒன்று, இரண்டு நிமிடம் கூட்டுங்கள். நோகாதபோது நிறுத்துவதுதான் இதில் கஷ்டமான பகுதி. பக்கத்து வயற்காரர் பார்த்துச் சிரிக்கவும் கூடும்.

தூக்குகிற பாரத்துக்கும் அளவு வேண்டும். நல்ல பிடி, உடம்போடு ஒட்டிய பாரம், இடுப்புயரம் என்று எல்லாம் சரியாக அமைந்தாலும் சுகதேகி ஒருவருக்கு 23 கிலோதான் மேலெல்லை என்பது தொழிற்பாதுகாப்பில் பரவலாகப் பயன்படும், அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழிற்பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கு. யூரியா மூடை 50 கிலோ. அதைக் குனிந்து தூக்குவதில் எந்த முறையும் நல்ல முறை அல்ல. ட்ராக்டர் பெட்டியிலேயே வைத்துப் பிரித்து, மூன்று பையாக்கி இறக்குங்கள். 16 லீற்றர் மருந்து மெசினை நிரப்பினால் மெசினோடு சேர்த்து 20 கிலோ வரும். நிலத்தில் வைத்து, ஒரு தோளில் மாட்டி, முறுகி எழும்பும்போதுதான் நாரி பிடிக்கிறது. அரைவாசி மட்டும் நிரப்பி, இடுப்புயரத்தில் ஒரு மேசையிலோ பெட்டி விளிம்பிலோ வைத்து, பின்பக்கமாகப் போய் இரண்டு வாரையும் ஒன்றாக மாட்டுங்கள். நடை இரட்டிக்கும். அது பரவாயில்லை, நடை நாரிக்கு நல்லது.

விடிய எழும்பினவுடன் முற்றம் கூட்டுவது

இரவு படுத்திருக்கும்போது முள்ளந்தண்டுத் தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. அதனால் எழும்பிய முதல் ஒரு மணித்தியாலத்தில் குனிந்தால் அவற்றில் ஏறும் அழுத்தம் பகலைவிட அதிகம். நம் ஊரில் குட்டை ஈர்க்கு விளக்குமாற்றோடு முற்றம் கூட்டுவது சரியாக அந்த நேரத்தில்தான். தேத்தண்ணி குடித்து, அடுப்பு வேலையை நின்றபடி முடித்துவிட்டுக் கூட்டுங்கள். அல்லது பின்னேரம், விளக்கு வைக்கமுன். விளக்குமாற்றை நெஞ்சளவு கம்பில் கட்டிக்கொண்டால் குனிய வேண்டியதே இல்லை. பாயிலிருந்து எழும்பும்போதும் நேரே நிமிராமல், ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழும்புங்கள்.

நோ நின்றதும் பயிற்சியை நிறுத்துவது

பிசியோதெரபியில் சொல்லித்தந்த பயிற்சியை இரண்டு கிழமை செய்துவிட்டு, சுகமானதும் விட்டுவிடுவது மிகப் பரவலான தவறு. தசை பலப்பட எட்டு முதல் பன்னிரண்டு கிழமை வேண்டும். இடுப்பை உயர்த்தும் பயிற்சியைப் பாருங்கள். பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, பாதங்களை ஊன்றி, பிட்டத்தை இறுக்கி, தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரு நேர்கோட்டில் வரும்வரை உயர்த்தி, ஐந்து விநாடி பிடித்து இறக்க வேண்டும். எட்டுத் தடவை, நாளுக்கு இரண்டு முறை. மூச்சை அடக்கக்கூடாது. பலர் அந்தக் கோட்டையும் தாண்டி உயர்த்தி நாரியை வில்லாக வளைக்கிறார்கள், பிறகு "பயிற்சி ஒத்துவரேல்லை" என்கிறார்கள். தொடையின் பின்பக்கம் குரக்கை பிடித்தால் பாதம் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பிட்டத்துக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள்.

செய்யும்போது கொஞ்சம் நோகத்தான் செய்யும். மறுநாள் காலையைப் பாருங்கள்: வழமைக்குத் திரும்பியிருந்தால் தொடரலாம், இல்லையென்றால் எண்ணிக்கையைப் பாதியாக்கலாம். நடையை மட்டும் எதற்காகவும் விடவேண்டாம். ஆஸ்திரேலியாவில் நாரி நோ வந்து மாறிய 701 பேரை வைத்து நடத்தி 2024 இல் வெளியான ஆய்வில், படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு நோ திரும்ப வர நடுவளவாக 208 நாள் எடுத்தது, மற்றவர்களுக்கு 112 நாள். கிழமையில் ஐந்து நாள், அரை மணித்தியாலம் என்பது இலக்கு. யானை இறங்குகிற பக்கமென்றால் நன்றாக வெளித்த பிறகு நடங்கள்.

சரையில் சுற்றிய குளிசை

தவறுகளில் ஆபத்தானது இதுதான். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், நப்ரொக்சன், மெஃபெனமிக் அசிட் எல்லாம் ஒரே குடும்பம். கிளினிக்கில் தந்த டைக்ளோஃபெனாக்கோடு, பாமசியில் வாங்கிய இபுப்ரோஃபெனும், இடையில் ஒரு வோல்டரன் ஊசியும் (அதுவும் டைக்ளோஃபெனாக்தான்) சேர்ந்தால் மூன்று மருந்து அல்ல. ஒரே குடும்ப மருந்து மூன்று மடங்கு. நோ அதனால் மூன்று மடங்கு குறையாது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகச் சேதமும்தான் கூடும். டைக்ளோஃபெனாக்கின் நாள் எல்லை 150 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் குளிசை மூன்று. அதையும் சாப்பாட்டுக்குப் பிறகு, இயன்றளவு குறைந்த நாட்களுக்கு. கூடத் தரும் ஒமெப்ரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் போட வேண்டும். இரண்டையும் ஒரு கையில் வைத்து ஒரே மிடறில் விழுங்குவதால் அதன் பயன் குறைகிறது.

வட மத்திய மாகாணத்தை ஒட்டிய வவுனியாப் பக்கங்களில், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் ஏற்கெனவே உண்டு. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்துகொண்டு இந்தக் குடும்பக் குளிசையைப் போடுவது சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. பிரசருக்கு லோசாட்டன் அல்லது எனலாப்ரில் எடுப்பவர், சலம் போக வைக்கும் குளிசையும் எடுப்பவரென்றால், மூன்றாவதாக நோக்குளிசை சேரும்போது சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடக்கூடும். அப்படிப்பட்டவர், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனை செய்து, டொக்டரிடம் கேட்காமல் ஒரு குளிசையும் போடக்கூடாது. பரசிற்றமோல் நாட்பட்ட நாரி நோவுக்குப் பெரிதாக வேலை செய்வதில்லை. போடுவதென்றால் 500 மில்லிகிராம் குளிசை 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவருக்கும், குடிப்பவருக்கும், மெலிந்தவருக்கும் அதைவிடக் குறைவு.

பெயர் இல்லாமல் சரையில் சுற்றித் தருகிற குளிசைகளை வாங்காதீர்கள். போட்ட அன்றே நோ பறந்து, பசி கூடி, சில கிழமையில் முகம் ஊதினால் அதில் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் இருக்கலாம். அது சீனியையும் பிரசரையும் ஏற்றும், எலும்பைக் கரைக்கும். மூன்று கிழமைக்கு மேல் எடுத்திருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. கையில் மிஞ்சிய குளிசையோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டொக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

பட்டி, புக்கை, முறிவு நெரிவு

நாரிப் பட்டியை நாள் முழுக்கக் கட்டுவதில் பயனில்லை. நாட்பட்ட நோவுக்குப் பட்டியும் இழுவை வைத்தியமும் வழமையாக வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டல் சொல்கிறது. சூட்டு ஒத்தடமும் எண்ணெயும் சுகம் தரும். செய்யுங்கள், சீனி வருத்தத்தால் விறைத்த தோலில் சூடு வைப்பதைத் தவிர. ஆனால் வயதானவர்களை, ஸ்டீரொயிட் எடுத்தவர்களை, கால் விறைப்பு உள்ளவர்களை முறிவு நெரிவு வைத்தியத்தில் முறுக்கி நெட்டி எடுக்க விடாதீர்கள். தேய்ந்த எலும்பு அதில் உடையலாம்.

படம் எடுத்தால் எல்லாம் தெரியும் என்று நினைப்பது

நோ கூடக்கூட "ஒரு எம்.ஆர்.ஐ. எடுப்பம்" என்று கடன்பட்டாவது போகிறவர்கள் உண்டு. நோவே இல்லாதவர்களைப் படமெடுத்துப் பார்த்ததைத் தொகுத்த 2015 ஆம் ஆண்டின் ஆய்வில், தட்டுப் பிதுக்கம் 20 வயதினரில் 30 சதவீதத்தினரிடமும் 80 வயதினரில் 84 சதவீதத்தினரிடமும் இருந்தது. ஆகவே அறிக்கையில் "தட்டுத் தேய்வு" என்று கண்டதும் முதுகே போய்விட்டது என்று பயந்து அசையாமல் இருப்பது, படத்தால் வருகிற இன்னொரு வருத்தம். கால் பலவீனம், விறைப்பு, கட்டி, கிருமி என்று சந்தேகிக்கும்போதுதான் படம் முடிவை மாற்றும்.

உடம்பில் ஷெல் துண்டோ சன்னமோ இருப்பவர் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மெசினின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கலாம், சூடாக்கலாம். கண்ணுக்கும் முண்நாணுக்கும் கிட்ட இருந்தால் பாதிப்புப் பெரிது. "பதினைஞ்சு வருசமா ஒண்டும் செய்யேல்லை" என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி அல்ல. முதலில் எக்ஸ்ரேயில் இடத்தைப் பார்ப்பார்கள், தேவையென்றால் சி.ரி. எடுப்பார்கள். அதேநேரம் எல்லா நோவையும் அந்தத் துண்டின் தலையில் போடுவதும் சரியல்ல.

செயற்கைக் கால் போட்டவர்களுக்கு நாரி நோ வந்தால் முதலில் காலைப் பாருங்கள். கால் கட்டை (மிஞ்சியிருக்கும் கால்) மெலிந்து, அதை ஏந்தும் கிண்ணம் தளர்ந்தால் அந்தப் பக்கம் இடுப்பு இறங்கும். கட்டையில் போடும் ஒரு மேலதிகக் காலுறை அதைச் சரிசெய்யலாம். செயற்கைக் கால் குறித்த ஒரு குதி உயரத்துக்கு அமைக்கப்பட்டது. செருப்பை மாற்றி, குதி ஒரு சென்ரிமீற்றர் ஏறினாலும் உடம்பு முன்னே தள்ளப்பட்டு நாரி வளையும்.

கிளினிக் நாளும் பஸ்ஸும்

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ-9 இல் ஏறக்குறைய 65 கிலோமீற்றர். நோவோடு அந்தப் பயணத்தில் பின்சில்லுக்குப் பின்னாலுள்ள சீற்றில் இருக்காதீர்கள், அங்கேதான் குலுக்கல் அதிகம். நடுவில் இருந்து, சுருட்டிய துவாயை நாரி வளைவில் வையுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கம்பியைப் பிடித்து எழும்பி நில்லுங்கள்.

கிளினிக் கொப்பியை மட்டும் கொண்டுபோவது போதாது. டொக்டருக்கு உங்களோடு பேச சில நிமிடமே இருக்கும். "சரியான நோ டொக்டர்" என்பதில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. கொப்பியின் கடைசித் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது, எத்தனை நிமிடம் இருக்க முடிகிறது, இரவில் எத்தனை தரம் முழிப்பு, எந்தக் குளிசை உண்மையில் எத்தனை. நித்திரை பற்றியோ மனம் பற்றியோ அவர் கேட்டால், "பொய் நோ" என்கிறார் என்று எடுக்க வேண்டாம். நித்திரையின்மையும் மனச்சோர்வும் நரம்பின் சத்தத்தை ஏற்றுகின்றன. அதற்கான உதவியும் நாரிக்கான வைத்தியமே.

நோவைப் பார்த்துக்கொண்டு மற்றதை விடுவது

ஆபத்தான நாரி எப்போதும் அதிகம் நோகும் நாரி அல்ல. காய்ச்சல், காரணமில்லாமல் மெலிதல், படுத்தாலும் இரவில் விடாத நோ, முன்பு கசமோ (காசநோய்) புற்றுநோயோ இருந்தது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் திகதிவரை பார்த்திருக்கக்கூடாது. அதைவிட அவசரம் ஒன்று. சலம் முட்டியும் போகாமல் இருப்பது, மலசலம் தெரியாமல் போவது, சைக்கிள் சீற் படுகிற இடம் விறைப்பது, இரண்டு காலும் பலமிழப்பது. முள்ளந்தண்டின் அடியில் நரம்புக் கற்றை நசிவதற்கான அறிகுறிகள் அவை. மணித்தியாலக் கணக்கில் சத்திரசிகிச்சை தேவைப்படலாம், பிந்தினால் நிரந்தரமாகிவிடலாம். இரவென்றாலும் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் "நாரி நோகுது" என்று தொடங்கினால் வரிசையில் இருத்திவிடுவார்கள். "சலம் போகேல்லை, இருக்கிற இடம் விறைச்சுப் போச்சு" என்பதை முதலில் சொல்லுங்கள்.