ஒரு மாநில அரசியல்வாதியின் வாழ்க்கை வரலாற்றை ஆவணங்களிலிருந்து எழுதுவது எப்படி?

தமிழ்நாட்டின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைப் பற்றி எழுத உட்காருபவருக்கு முதலில் கைக்குக் கிடைப்பவை பிறந்தநாள் மலர்களும், நினைவஞ்சலி விளம்பரங்களும், உடனிருந்தவர்கள் சொல்லும் நினைவுகளுமே. அவற்றில் அவர் வென்றுகொண்டே இருப்பார். தோற்ற தேர்தலும், சீட்டு கிடைக்காத ஆண்டும், கட்சி மாறிய மாதமும் அங்கே இடம்பெறுவதில்லை. ஆகவே மலர்களை ஓரமாக வைத்துவிட்டு, இந்தியத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்குப் பின்னும் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கையிலிருந்து தொடங்குவதே நல்லது. 1951-52 முதலான அறிக்கைகள் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன.

ஒரு தாளில் 1952, 1957, 1962, 1967, 1971, 1977, 1980, 1984, 1989, 1991, 1996 என்று இன்றுவரை பேரவைத் தேர்தல் நடந்த எல்லா ஆண்டுகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகுதி, கட்சி, பெற்ற வாக்கு, எதிர்த்து நின்றவர், வித்தியாசம் ஆகியவற்றை நிரப்ப வேண்டும். மக்களவைத் தேர்தல்களையும் இடைத்தேர்தல்களையும் விட்டுவிடக் கூடாது. காமராசரை எடுத்துக்கொண்டால், 1952இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதி, முதலமைச்சரான பின் 1954இல் குடியாத்தம் இடைத்தேர்தல், 1957இலும் 1962இலும் சாத்தூர், 1967இல் விருதுநகரில் 1,285 வாக்குகளில் தோல்வி, 1969இல் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் வெற்றி, 1971இல் மறுபடியும் அங்கேயே வெற்றி என்று ஏழு வரிகளில் எலும்புக்கூடு எழுந்து நின்றுவிடும். பேரவை உறுப்பினராக இல்லாத ஒருவர் முதலமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும் என்பதால்தான் குடியாத்தம் அந்தப் பட்டியலில் வருகிறது என்பதையும் தாளே காட்டிக்கொடுக்கும்.

இந்தத் தாளை நிரப்பும்போது சில பொறிகள் உண்டு. “மூன்று முறை சட்டமன்ற உறுப்பினர்” என்றவுடன் பதினைந்து ஆண்டு என்று கணக்கிட்டுவிடுகிறோம். 1977இல் அமைந்த பேரவை 1980 பிப்ரவரியிலும், 1989இல் அமைந்த பேரவை 1991 ஜனவரியிலும் கலைக்கப்பட்டன. 1971இல் அமைந்த பேரவையும் 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டதோடு முடிந்தது. இந்த மூன்றிலும் வென்ற ஒருவர் மொத்தத்தில் பத்தாண்டுகூட அவையில் இருந்திருக்க மாட்டார்.

தொகுதியின் பெயரையும் இன்றைய வரைபடத்தை வைத்துப் புரிந்துகொள்ளக் கூடாது. மு. கருணாநிதி 1957இல் முதன்முதலாக வென்ற குளித்தலை அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. கரூர் மாவட்டம் பிறந்தது 1995இல்தான். விருதுநகர் மாவட்டம் 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. கன்னியாகுமரிப் பகுதியைச் சேர்ந்தவர் என்றால் 1956 நவம்பர் 1க்கு முன் அவருடைய தேர்தல் பதிவு திருவிதாங்கூர்-கொச்சி அறிக்கையில் இருக்கும். சென்னை மாநில அறிக்கையில் தேடிக் களைத்துப் போவதில் பயனில்லை. 1952இலும் 1957இலும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. அங்கே ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு, வென்றவர்களும் இருவர். எனவே வாக்கு சதவீதத்தையும் வித்தியாசத்தையும் மற்றத் தொகுதிகளோடு ஒப்பிடுவது தவறான முடிவையே தரும். அந்த ஏற்பாடு 1961இல் சட்டத்தால் நீக்கப்பட்டது.

கட்சிப் பெயர் இதைவிடச் சிக்கலானது. 1957இல் நின்ற தி.மு.க. வேட்பாளர்கள், கட்சிக்கு அங்கீகாரம் இல்லாததால், அறிக்கையில் சுயேச்சைகளாகவே பதிவாகியிருக்கிறார்கள். அதைப் பார்த்து “சுயேச்சையாகத் தொடங்கிப் பின்னர் கட்சியில் சேர்ந்தார்” என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. 1969இல் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்ததால், அதற்குப் பின் காங்கிரஸ் என்றால் ஸ்தாபன காங்கிரஸா, இந்திரா காங்கிரஸா என்று கேட்க வேண்டும். 1989இல் அ.தி.மு.க. என்றால் சேவல் சின்னமா (ஜெயலலிதா அணி), இரட்டைப் புறாவா (ஜானகி அணி) என்பதைக் குறிக்க வேண்டும். ஒரே ஆண்டில் யாரோடு நின்றார் என்பது பல மனிதர்களின் பிற்கால வாழ்க்கையையே தீர்மானித்திருக்கிறது.

பெயரிலும் கவனம் தேவை. சி. என். அண்ணாதுரை என்பவரும் கா. ந. அண்ணாதுரை என்பவரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும். அவ்வளவு புகழில்லாத ஒருவரின் ஆங்கில முதலெழுத்தும் தமிழ் முதலெழுத்தும் வேறுபடும்போது இரண்டு ஆட்களாக எண்ணிவிடுவோம். இராமையா அன்பழகன் ஆனதைப்போலத் திராவிட இயக்கத்தில் பெயர் மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். பள்ளி, கல்லூரிப் பதிவுகளில் பழைய பெயர்தான் கிடைக்கும்.

தாள் நிரம்பியதும் வெற்றிடங்களைப் பாருங்கள். என் அனுபவத்தில் ஓர் அரசியல்வாதியின் உண்மையான உழைப்பு பெரும்பாலும் அந்த வெற்றிடங்களில்தான் கிடக்கிறது. தோற்ற பின் பத்தாண்டு காணாமற்போய் மறுபடி அமைச்சராக வருகிறவர், இடையில் ஒன்றியப் பெருந்தலைவராகவோ, நகர்மன்றத் தலைவராகவோ, கூட்டுறவு வங்கியின் தலைவராகவோ, மாவட்டச் செயலாளராகவோ இருந்திருப்பார். உள்ளாட்சித் தேர்தல்களோ 1986க்குப் பின் 1996இல்தான் நடந்தன. ஆகவே அந்தப் பத்தாண்டில் உள்ளாட்சிப் பதவி வகித்ததாக யாராவது சொன்னால், எந்தத் தேர்தலில் வந்த பதவி என்று கேட்டுத் தெளிய வேண்டும். 1986 வரை தமிழ்நாட்டில் சட்ட மேலவை இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. நேரடித் தேர்தலில் காணாத பெயர் சில சமயம் மேலவைப் பட்டியலில் இருக்கும்.

இந்த இடைவெளிகளை நிரப்புவதற்குப் பழைய நாளிதழ்களைத் தவிர வேறு வழியில்லை. தினத்தந்தி போன்ற பொது நாளிதழோடு, விடுதலை (தி.க.), முரசொலி (தி.மு.க.), நவசக்தி (காங்கிரஸ்), தீக்கதிர் (மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட்), ஜனசக்தி (இந்திய கம்யூனிஸ்ட்) என அவரவர் கட்சி ஏட்டையும், எதிர்க்கட்சி ஏட்டையும் ஒரே வாரத்துக்குச் சேர்த்துப் படிக்க வேண்டும். எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் சில நாட்கள் செலவிடத் தயாராக இருங்கள். தேதி தெரியாமல் போனால் கட்டுக்கட்டாகப் புரட்டுவதிலேயே பொழுது போய்விடும். தேர்தல் தாளை முதலில் நிரப்பச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

பதவியில் இருந்த ஆண்டுகளுக்குப் பேரவை நடவடிக்கைக் குறிப்புகளே முதன்மைச் சான்று. மானியக் கோரிக்கை (துறைவாரியான நிதி ஒதுக்கீடு) விவாதங்களில் தொகுதிக்காக என்ன கேட்டார், எத்தனை முறை அதையே கேட்டார் என்று பார்த்தால் மனிதர் புலப்படுவார். “இந்தப் பாலம் அவர் கொண்டுவந்தது” என்ற பேச்சை அரசாணையின் எண்ணும் நாளும் கிடைக்கும்வரை வாய்மொழியாகவே குறிக்க வேண்டும். பெரும்பாலான பாலங்களுக்கு மூன்று பேர் உரிமை கோருவார்கள்.

சொத்து, கல்வி, வழக்கு ஆகியவற்றை வேட்பாளர் பிரமாணப் பத்திரத்தில் அறிவிக்கும் கட்டாயம் உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளுக்குப் பின் வந்தது. அதற்கு முந்திய தேர்தல்களுக்கு அதைத் தேட வேண்டாம். அடுத்தடுத்த பத்திரங்களை ஒப்பிடும்போது நிலத்தின் சந்தை மதிப்பு உயர்ந்ததையும் புதிதாக வாங்கியதையும் பிரித்தே எழுத வேண்டும். நான் ஒப்பிட்ட ஒரு வேட்பாளரின் வயது ஐந்தாண்டில் ஏழு கூடியிருந்தது. பிறந்த ஆண்டை அங்கிருந்து எடுக்கும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். வழக்குகளில், முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தண்டனை ஆகிய மூன்றும் வெவ்வேறு நிலைகள். ஒன்றை மற்றொன்றாக எழுதுவது உண்மைப் பிழை என்பதோடு அவதூறு வழக்குக்கும் இடம் கொடுக்கும்.

நேர்காணல்களை இவ்வளவும் முடிந்த பிறகே வைத்துக்கொள்ளுங்கள். “ஐயா எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் மலரில் உள்ளதே திரும்ப வரும், “1980இல் சீட்டு ஏன் கிடைக்கவில்லை?” என்று கேட்டால் எதிரில் இருப்பவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்வார். குடும்பத்தாரையும் உதவியாளரையும் பார்த்த கையோடு, அவரை எதிர்த்து நின்றவரின் தேர்தல் முகவரையும் தேடிப் பிடிக்க வேண்டும். எந்த ஊர் கைவிட்டது, யார் உள்ளடி வேலை செய்தார்கள் என்பதை அவர்தான் விவரமாகச் சொல்வார். அண்மைத் தேர்தலாக இருந்தால் வாக்குச்சாவடிவாரியான எண்ணிக்கை தரும் படிவம் 20 மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இருக்கும். முகவர் சொன்ன ஊரின் சாவடி எண்களை அதில் பார்த்து, எண்ணிக்கையும் அவர் பேச்சும் ஒத்துப்போனால் மட்டும் அந்தக் காரணத்தை உங்கள் எழுத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.