நாசி கண்டார் கடையில் ‘குவா அசிங்’

மலேசியாவின் பினாங்கில் நாசி கண்டார் (சோற்றோடு கறிகளும் குழம்பும் சேர்ந்த சாப்பாடு) வாங்கும்போது ‘பாஞ்சிர்’, அதாவது சோறு மூழ்கக் குழம்பு ஊற்றுவது, வேண்டாம். ‘குவா அசிங்’ (குழம்பு தனியாக) என்று சொல்லிக் குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வாங்குங்கள். உப்பும் எண்ணெயும் பெரும்பாலும் குழம்பில்தான் இருக்கின்றன. சோற்றின்மேல் ஊற்றினால் அத்தனையும் உள்ளே போகும். தொட்டுச் சாப்பிட்டால் பாதிக் கிண்ணம் மிஞ்சும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதற்கு மேல் போனால் ரத்த அழுத்தம் ஏறக்கூடும், இதயத்துக்குச் சுமை. வேலை டென்ஷனோடு வரிசையில் நின்றால் வாய் தானாக ‘பாஞ்சிர்’ என்றுதான் சொல்லும் (எனக்கும்தான்). அதனால் கடைக்குள் நுழையுமுன்பே முடிவெடுத்துவிடுங்கள். தட்டில் உப்பு முட்டையும் பொரித்த கோழியும் இருந்தால் இந்த யுக்தி அவ்வளவாக உதவாது. ரத்த அழுத்த மாத்திரைக்கும் இது மாற்றல்ல.