மேனேஜ்மென்ட் போர்ட் செத்த பிறகு ஸ்டோரேஜ் ரவுட்டருக்குள் போன வழி

தூரத்து டேட்டா சென்டரில் இருந்த எங்கள் சான் (ஸ்டோரேஜ் நெட்வொர்க்) ரவுட்டரின் மேனேஜ்மென்ட் போர்ட், அதாவது பெட்டியை நிர்வகிக்க உள்ளே போகும் வழி, திடீரென்று செத்துவிட்டது, ஆனால் ஸ்டோரேஜ் டேட்டா போகும் ஃபைபர் சேனல் போர்ட்களில் டேட்டா ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கன்சோல் கேபிளோடு போய் நிற்க அங்கே ஆளும் இல்லை. நல்லவேளை, ஃபைபர் சேனல் மேலேயே ஐபி ஓட்டலாம், இதற்கு 1999-லேயே ஆர்எஃப்சி 2625 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வந்துவிட்டது. இங்கிருக்கும் ஸ்விட்ச், அங்கிருக்கும் ரவுட்டர் இரண்டிலும் விசான் (சானுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) இன்டர்ஃபேஸுக்கு முறையே 10.10.10.1, 10.10.10.2 என்று ஐபி முன்பே கொடுத்து வைத்திருந்தேன்.

இங்கிருக்கும் ஸ்விட்சுக்குள் போய் அந்த ரவுட்டருக்கு பிங் அடித்தால் பதில் வருகிறது, என் லேப்டாப்பிலிருந்து அடித்தால் வரவே இல்லை. ஒரு மணி நேரம் ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டேன், அது வீண். பாக்கெட் போய்ச் சேர்ந்தாலும் திரும்பி வர அங்கே ரூட் கிடையாது! சரி என்று இங்குள்ள ஸ்விட்சிலிருந்தே எஸ்எஸ்எச்சில் (தூரத்துப் பெட்டிக்குள் நுழையும் பாதுகாப்பான வழி) தாவி ரவுட்டருக்குள் போய், அதன் டிஃபால்ட் கேட்வேயாக, அதாவது வெளியே போகும் வாசலாக, 10.10.10.1-ஐப் போட்டேன். அப்புறம் இங்குள்ள ஸ்விட்சில் ஐபி ரவுட்டிங்கை ஆன் செய்து, லேப்டாப்பிலும் 10.10.10 சப்நெட்டுக்கு அந்த ஸ்விட்ச் வழியாக ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் பாதை) சேர்த்ததும் பிங் வரிசையாக விழ ஆரம்பித்தது.

ஃபைபர் லிங்க் அறுந்தால் இந்த வழியும் போய்விடும், அதனால் செத்த மேனேஜ்மென்ட் போர்ட்டை மாற்றவும் அன்றே சொல்லிவிட்டேன்.