பாய் கௌ ஆடுவது எப்படி? வானமும் பூமியும் கைக்கு வரும் ஆட்டம்

மக்காவ், லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகளில் சீன டொமினோ காய்களைக் கொண்டு ஆடப்படும் பாய் கௌ மேசை முதல் பார்வையில் மலைப்பைத் தரும். பணம் வைப்பதற்கு முன் காய்களோடு பழகுங்கள்.

மொத்தம் 32 கறுப்புக் காய்கள். 12 புள்ளிகள், பாதி சிவப்பு பாதி வெள்ளை என்றால் அது ‘வானம்’. இரண்டே சிவப்புப் புள்ளிகள் ‘பூமி’. எட்டுச் சிவப்புப் புள்ளிகள் ‘மனிதன்’. பெரிய முட்டைக்குள் 18,000 ஆண்டுகள் உறங்கி எழுந்த பாங்கு என்ற ஆதி உயிர் வானையும் பூமியையும் பிரித்தது என்கிறது சீனப் படைப்புக் கதை. ஆட்டத்தில் வானம், பூமி, மனிதன் என்பதுதான் தகுதி வரிசை. இரண்டு புள்ளிப் பூமி எட்டுப் புள்ளி மனிதனை வெல்வது இதனால்தான்.

இனி ஆட்டம். காய்களைக் கவிழ்த்துக் கலைப்பதைச் சீனர்கள் ‘கழுவுதல்’ என்பார்கள். பிறகு நான்கு நான்காக எட்டு அடுக்குகள். யாருக்கு எந்த அடுக்கு என்பதை மூன்று பகடைகள் தீர்மானிக்கும். பழகியவர்கள் காயைத் திருப்பாமலே, குழிகளைக் கட்டைவிரலால் தடவிப் புள்ளிகளைச் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் நான்கு காய்களைச் சிறிய கை, பெரிய கை என இரண்டிரண்டாகப் பிரிக்க வேண்டும். புள்ளிகளைக் கூட்டி, கடைசி இலக்கத்தை மட்டும் எடுங்கள்: 7, 9 சேர்ந்தால் 16, அதாவது 6. ஜோடி சேர்ந்தால் எந்த எண்ணையும்விட உயர்வு.

வானம், 9, 7, 4 வந்திருக்கிறது என்று வையுங்கள். வானமும் 9-உம் சேர்ந்தால் ‘வாங்’. ஜோடிகளுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். புதியவர் அதைத்தான் அள்ளுவார். மிச்சமோ 7, 4, வெறும் 1. வானத்தோடு 7-ஐச் சேருங்கள்: பெரிய கை 9, சிறிய கை 3. விடுதி சார்பில் ஆடும் டீலரை இரண்டு கைகளிலும் வென்றால்தான் பணம் என்பதால் இதுவே நல்ல பிரிப்பு. ஒன்றில் வென்று ஒன்றில் தோற்றால் வைத்த பணம் திரும்பும். முற்றிலும் சமமான கை டீலருக்கே. வெற்றியிலும் 5 சதவீதம் தரகு பிடிப்பார்கள். 100 வைத்து வென்றால் லாபம் 95.

எனக்கு மிகவும் பிடித்தது 3-உம், 2-4 என்ற 6-உம். தனிக்காயாக இவற்றுக்குத்தான் கடைசித் தகுதி. இரண்டும் ஒரே கையில் சேர்ந்துவிட்டால் ‘ஜீ ஜூன்’, பேரரசரைக் குறிக்கும் சொல். வான ஜோடியும் அதற்குக் கீழேதான்.