பிரேக்கரில் அடி குறைந்தால் உடனே கழற்றாதீர்கள்: ஹைட்ராலிக் அட்டாச்மென்டில் நடக்கும் தவறுகள்

எக்ஸ்கவேட்டரில் மாட்டிய பிரேக்கர் (உள்ளிருக்கும் பிஸ்டன் உளியை அடித்துப் பாறையை உடைக்கும் கருவி) சரியாக அடிக்கவில்லை என்றதும் பலரும் செய்யும் முதல் வேலை, அதைக் கழற்றிப் பிரிப்பதுதான். சீல் கிட் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்கள்) முழுவதையும் மாற்றி, திரும்ப மாட்டி ஓட்டிப் பார்த்தால் அடி முன்பு இருந்த மாதிரியேதான் இருக்கும். பழுது பிரேக்கருக்குள் இருந்தால்தானே சரியாகும்? அட்டாச்மென்டுக்கு, அதாவது மெஷினில் மாட்டும் கருவிக்கு, வரும் ஆயில், அது வரும் வழி, திரும்பிப் போகும் வழி ஆகிய மூன்றையும் பார்க்காமல் பிரேக்கரைத் திறப்பது நேரத்துக்கும் பணத்துக்கும் கேடு. சைட்டில், தூசிக்கு நடுவில் திறந்தால் நல்ல பிரேக்கரும் கெட்டுப் போகும்.

சோதனையை எளிதானதிலிருந்து தொடங்குங்கள். டேங்கில் ஆயில் அளவு சரியா? ஆர்மில் இருக்கும் இரண்டு ஸ்டாப் வால்வுகளும் முழுதாகத் திறந்திருக்கின்றனவா? பாதி திறந்த வால்வு ஒன்றே அடியைக் கெடுத்து ஆயிலையும் சூடாக்கிவிடும். குயிக் கப்ளர் (ஹோஸைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் இணைப்பு) இருந்தால் கடைசிவரை உட்கார்ந்திருக்கிறதா? கேபினில் பிரேக்கர் மோட் தேர்ந்தெடுத்திருக்கிறதா? இவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது ரிட்டன் லைன், அதாவது ஆயில் திரும்பிப் போகும் வழி. இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். கிரஷர் (நொறுக்கும் கருவி), ஷியர் (வெட்டும் கருவி) போன்றவற்றுக்கு ஆயில் இரு திசையிலும் போய்வர வேண்டும். பிரேக்கருக்கு ஒரே திசைதான். அதிலிருந்து வெளியேறும் ஆயில் மெயின் வால்வுக்குள் சுற்றாமல், ஃபில்டர் வழியாக நேரே டேங்குக்குப் போக வேண்டும். இதற்காகவே பல மெஷின்களில் ஒரு செலக்டர் வால்வு இருக்கிறது. நேற்று ஷியர் ஓடிய மெஷினில் இன்று பிரேக்கரை மாட்டிவிட்டு அந்த வால்வைத் திருப்பாமல் விட்டால், திரும்பும் ஆயிலுக்கு வழி நெருக்கடியாகி எதிர் அழுத்தம் ஏறும். பிஸ்டன் வேகம் குறையும், ஆயில் சூடாகும், சீல் போகும். அடைத்துப்போன ரிட்டன் ஃபில்டரும், அளவு சிறிதான ரிட்டன் ஹோஸும் இதே வேலையைத்தான் செய்யும். பிரேக்கர் ஓடும் மெஷினில் ஆயிலும் ஃபில்டரும் சீக்கிரம் கெடும் என்பதால், வெறும் பக்கெட் வேலைக்கு அவற்றை மாற்றச் சொன்ன மணிக்கணக்கை இதற்குப் பின்பற்றக் கூடாது. மேனுவலில் பிரேக்கருக்கென்று தனியாகக் குறைத்த கணக்கு இருக்கும்.

இதுவரை எல்லாம் சரி என்றால் ஃப்ளோ மீட்டரை மாட்டி, ஆயில் சூடான பிறகு, ஃப்ளோவையும் (நிமிடத்துக்கு வரும் ஆயில் அளவு) பிரஷரையும் அளந்து பிரேக்கரின் தகட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். அளக்காமல், பிரஷரின் உச்ச வரம்பை வைக்கும் ரிலீஃப் வால்வை முறுக்கி பிரஷரை ஏற்றுவது ரொம்பத் தவறு. நிமிடத்துக்கு எத்தனை அடி விழும் என்பதைப் பெரும்பாலும் ஃப்ளோதான் தீர்மானிக்கிறது. ஃப்ளோ குறைந்த இடத்தில் ரிலீஃபை ஏற்றினால் அடி கூடாது, ஹோஸும் சீலும்தான் கூடுதல் சுமை தாங்கும். தேவைக்கு மேல் ஃப்ளோ கொடுப்பதும் அதே அளவு கெடுதல்.

கேஸ் பிரஷரை இதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். பின்தலையில், அதாவது பிஸ்டனுக்கு மேலே உள்ள அறையில், அடைத்திருக்கும் கேஸ் குறைந்தால் அடி வலுவிழக்கும். அளவுக்கு மேல் ஏற்றினால் பிஸ்டன் மேலே ஏற முடியாமல் அடியே நின்றுபோகும். சூட்டில் கேஸ் அழுத்தம் ஏறும் என்பதால், கம்பெனி சொன்ன வெப்பநிலையில் அளப்பது அவசியம். உளி தரையில் ஊன்றியிருந்தால் பிஸ்டன் மேலே தள்ளப்பட்டு மீட்டர் அதிகம் காட்டிவிடும். அக்குமுலேட்டர் (ஆயில் அழுத்தத்தின் அதிர்வைத் தாங்கும் கேஸ் அறை) உள்ள மாடல்களில் ஹோஸ் அளவுக்கு மீறித் துள்ளினால், அதில் கேஸ் இறங்கியிருக்கலாம் அல்லது உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். நிரப்ப வேண்டியது நைட்ரஜன் மட்டுமே. ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்தில் இருக்கிறதே என்று அதை ஏற்றினால், ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். ஆளைக் கொல்லும் தவறு இது.

இனி தினசரி பராமரிப்பு. கிரீஸ் அடிப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை, ஆனால் அடிக்கும் விதத்தில்தான் கோளாறு. பிரேக்கர் அந்தரத்தில் தொங்கும்போது உளி கீழே இறங்கியிருக்கும். பிஸ்டனுக்கும் உளிக்கும் நடுவே காலி இடம் உண்டாகும். அப்போது கிரீஸ் கன்னை அழுத்தினால் கிரீஸ் நேரே அந்த இடத்தில் போய் நிரம்பும். முதல் அடியிலேயே பிஸ்டன் அந்தக் கிரீஸை அழுத்த, அது சீலைப் பிய்த்துக்கொண்டு வழி தேடும். பிரேக்கரைச் செங்குத்தாக நிறுத்தி, உளி முழுதாக மேலே ஏறும்படி தரையில் ஊன்றி, எஞ்சினை அணைத்துவிட்டு, உளிக்கும் புஷ்ஷுக்கும் (உளியைச் சுற்றித் தாங்கும் வளையம்) இடையில் கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். ஆட்டோ கிரீஸ் இல்லாத பிரேக்கருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. உளி காய்ந்து பளபளவென்று தெரிந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். சாதாரண கிரீஸ் அங்குள்ள சூட்டில் உருகி ஓடிவிடும். செம்பு, கிராஃபைட் போன்றவை கலந்த சிசல் பேஸ்ட்தான் நிற்கும்.

ஓட்டுவதில் மூன்று பழக்கங்களை விட வேண்டும். கல் உடைந்த பிறகும் பெடலை அழுத்திக்கொண்டிருப்பது முதலாவது. வெற்றடியின் முழு வேகமும் உளியைப் பிடித்திருக்கும் ரிடெய்னர் பின்னிலும் பிரேக்கரை இறுக்கிப் பிடிக்கும் டை ராடிலும் போய் விழும். ஒரே இடத்தில் 15 முதல் 30 விநாடிக்கு மேல் அடிப்பது இரண்டாவது. உடையாத இடத்தில் தொடர்ந்தால் உளி முனை சூடேறி மழுங்கும். விளிம்புக்கு அருகே இடம் மாற்றிப் பிடியுங்கள். உளியை நெம்புகோலாக்கிக் கல்லைப் புரட்டுவது மூன்றாவது. உளி முறியாவிட்டாலும் புஷ் தேயும். தேய்ந்த புஷ்ஷில் உளி சாய்ந்து நிற்க, பிஸ்டன் கோணலாக அடித்துக் கீறல் விழும். அந்தச் செலவோடு பார்த்தால் ஒரு ஜோடி புஷ் விலை ஒன்றுமே இல்லை.

சுழலும் கிராப்பிள் (கவ்விப் பிடிக்கும் கருவி), ஆகர் (குழி துளைக்கும் கருவி) போன்ற மோட்டார் வைத்த அட்டாச்மென்டுகளில் வேறு ஒரு கண்ணி இருக்கிறது. கேஸ் டிரெயின் (இங்கே கேஸ் என்றால் வாயு அல்ல, மோட்டாரின் கூடு) என்று ஒரு மெல்லிய ஹோஸ் வரும். சின்னதுதானே என்று அதை அடைத்து வைப்பதும், ரிட்டன் லைனில் சேர்த்துவிடுவதும் நடக்கிறது. மோட்டாருக்குள் கசியும் ஆயிலுக்கு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, ஷாஃப்ட் சீல் பிதுங்கும். அந்த ஹோஸ் தனியாக, தடையில்லாமல் டேங்குக்கே போக வேண்டும்.

ஹோஸைக் கழற்றும் முன் எஞ்சினை அணைத்து, கம்பெனி சொன்ன முறையில் லைனில் உள்ள பிரஷரை இறக்குங்கள். கழற்றியதும் இரு முனைக்கும் மூடி போடுங்கள். துணியைச் சுற்றினால் நூலும் மண்ணும் வால்வுக்குள் போகும். ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஒரு அட்டையைக் காட்டிப் பாருங்கள். அழுத்தத்தோடு பீறிடும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. அப்படி நடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே ஏறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். தாமதித்தால் விரலை, சில சமயம் கையையே எடுக்க வேண்டிவரும்.

பல மாதம் ஓட்டாமல் வைக்கப்போகும் பிரேக்கரானால், கேஸை இறக்கி, உளியை எடுத்து, பிஸ்டன் முனையில் கிரீஸ் தடவி, பிஸ்டனை முழுதாக உள்ளே தள்ளி, மழை படாத இடத்தில் வையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிஸ்டனில் துரு ஏறினால், திரும்ப ஓட்டும் முதல் நாளே அது சீலை அறுத்துவிடும்.